பச்சைப் பசை

“டெல்மர் துப்பாக்கிக்கு என்ன நிறத்துல பசை போட்டீங்கண்ணே?”

துப்பாக்கி பழுதுபார்க்கும் கடைக்குள் நுழைந்ததும் ஆர்வில் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“கறுப்பு. ஏன்?” என்றார் கடைக்காரர் ஹாலிஸ், மேலங்கிப் பைக்குள் விட்ட கையை எடுக்காமலே.

“அப்ப எனக்குப் பச்சை. அவனோடது மாதிரி எதுவும் எனக்கு வேண்டாம்.”

ஓஹையோ மலைப்பக்கத்துத் துப்பாக்கிச் சங்கத்தில் குறிபார்த்துச் சுடுகிற போட்டி என்றால் பரிசு டெல்மருக்குத்தான். ஆர்வில் எப்போதும் இரண்டாவது. சாப்பாட்டுக்கு முன் ஜெபம் பண்ணும்போதுகூட, ‘ஆண்டவரே, ஒரு தடவை அவன் தோற்கட்டும்’ என்றுதான் வாய் முணுமுணுக்கும். போதாததற்கு, துப்பாக்கியின் இரும்பு உடலைக் கட்டையோடு பிடித்திருந்த பசை இப்போது விட்டுப்போய், குண்டுகள் திசைக்கொன்றாய்ப் போயின.

“உள்ளே குண்டு இல்லையான்னு பார்த்து, குழாயைக் கழற்றி, சூட்டுக்கோலால பழைய பசையை இளக்கணும். அவசரப்பட்டா கட்டை கருகிடும். இரும்பைத் தட்டி எடுத்து, சுரண்டி, புதுசா ஒட்டணும். வச்சுட்டுப் போ,” என்றார் ஹாலிஸ்.

மூலையில் டெல்மர் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். எப்போது வந்தாலும் அவன் அங்கேதான்.

“கடையிலேயே குடியிருந்தா எவன் துப்பாக்கியும் நல்லாத்தான் சுடும்,” என்று குத்தினான் ஆர்வில்.

“காப்பி நல்லாருக்குப்பா, அதான்.” டெல்மர் சிரித்தான்.

சனிக்கிழமைப் போட்டியில் ஆர்வில் முதல். டெல்மர் மயிரிழையில் இரண்டாவது.

ஆர்விலுக்குக் கால் தரையில் பாவவில்லை. சங்கத்துச் சாப்பாட்டு மேசையருகே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: “ஹாலிஸ் அண்ணன் கை இந்தத் தடவைதான் என் துப்பாக்கியில ஒழுங்காப் பட்டிருக்கு. இத்தனை நாள் அந்தக் கையை யாரு பிடிச்சு வச்சிருந்தாங்களோ.”

ஹாலிஸ் காப்பியை எடுக்கப் பையிலிருந்து கையை நீட்டினார். கை வெடவெடவென்று ஆடியது. பாதிக் காப்பி சட்டையில்.

டெல்மர் சட்டென்று மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று மறைத்து, டம்ளரை வாங்கி அவர் வாயருகே பிடித்தான்.

பக்கத்தில் நின்ற ஆர்வில் குனிந்து அந்தக் கையைப் பார்த்தான். “இந்தக் கையை வச்சுக்கிட்டா...?”

“ஒரு வருஷமா இப்படித்தான். ஊருக்குத் தெரிஞ்சா யாரு வேலை கொடுப்பாங்க? வெளியே சொல்லிடாதேப்பா,” என்றான் டெல்மர், மெதுவாக.

டம்ளரைப் பிடித்திருந்த அவன் நகக்கண்களில், கழுவியும் போகாமல் காய்ந்திருந்தது பச்சைப் பசை.