கீழ் டிராயர்

தட்டில் பத்து பேரிங் மிச்சம்.

அவர் இரண்டாம் முறையும் எண்ணினார். பத்துதான்.

மணி இரண்டு நாற்பது.

இரண்டு நிமிடத்துக்கு ஒரு மோட்டார். ஒரு மோட்டாருக்கு இரண்டு பேரிங். ஆக, நிமிடத்துக்கு ஒன்று. இன்னும் பத்து நிமிடத்தில் லைன் நிற்கும்.

நின்றால் அவருக்கு நல்லது.

அந்தப் பம்பு கம்பெனியில் அசெம்பிளி ஃபோர்மேன் அவர். மூன்று மாதம் முன்பு வரை அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். எவ்வளவு சரக்கு குவிந்து கிடக்கிறதோ அவ்வளவு தைரியம் என்பது அவர் கட்சி. அப்புறம் தமயந்தி வந்தாள். உற்பத்தித் திட்டத்துக்கென்று எடுத்த பெண். வயது இருபத்தெட்டு. தேவைக்கு மேல் ஒரு வாஷர்கூட உள்ளே வரக் கூடாது என்றாள். முதலாளி அவளுக்கு மூன்று மாதம் கெடு கொடுத்தார். சரக்கில்லாமல் லைன் ஒரே ஒரு தடவை நின்றாலும் பழைய முறைக்கே திரும்பிவிடலாம். அவளும் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கெடு முடிய இன்னும் நான்கு நாள்.

பேரிங் ஏற்றி வந்த வண்டி அவிநாசிக்குப் பக்கத்தில் டயர் வெடித்து நிற்கிறது.

அவள் லைன் முனையில் நின்றுகொண்டிருந்தாள். போனில் யாரையும் திட்டவில்லை. கையைப் பிசையவில்லை. சுவர்க் கடிகாரத்தையும், மூன்றாவது பெஞ்சில் பேரிங் ஏற்றிக்கொண்டிருந்த சரோஜினியின் கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பத்து நிமிசந்தான் தாங்கும் அம்மிணி" என்றார் அவர்.

"ஆமாங்ணா."

அவ்வளவுதான்.

என்ன பெண் இவள் என்று இருந்தது அவருக்கு.

வந்த புதிதில் பதினோரு நாள், கையில் வாட்சோடு ஒவ்வொரு பெஞ்சின் பக்கத்திலும் நின்றாள். வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்று கிளப்பிவிட்டதே அவர்தான். பன்னிரண்டாம் நாள், சரோஜினியின் ஸ்டூல் உயரம் போதவில்லை என்று மாற்றிக் கொடுத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த பெஞ்சில் விழுந்துகொண்டிருந்த தொய்வு அன்றோடு போனது. பத்து வருடமாக அந்த ஸ்டூலைத் தாண்டித்தான் அவர் போய் வருகிறார். கண்ணில் பட்டதில்லை.

ஸ்டோர் அலமாரிகள் காலியாகக் காலியாக, "இனி எலிக்குக்கூட இங்க சோலி இல்லீங்க" என்று கேன்டீனில் கேலி பேசினார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். துருப்பிடித்த காஸ்டிங் குவியல் அடைத்திருந்த வழியில் இப்போது தள்ளுவண்டி தாராளமாகத் திரும்புகிறது. தரைக்குப் பச்சை பெயின்ட் அடித்திருந்ததே அவருக்கு மறந்து போயிருந்தது.

கெட்டிக்காரி. அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. வாய் வரவில்லை.

தட்டில் ஏழு.

அவருடைய மேசையின் கீழ் டிராயரில் ஒரு பெட்டி நிறைய பேரிங் இருந்தது. ஃபோர்மேன் என்றால் எல்லோரும் செய்வதுதான். நூறு தேவைப்பட்டால் ஸ்டோரில் நூற்றிரண்டு கேட்பார்கள். மிச்சம் இரண்டை ஆத்திர அவசரத்துக்கு ஒதுக்கிக்கொள்வார்கள். பதுக்கியதையெல்லாம் திருப்பித் தரச் சொல்லி மூன்று மாதம் முன்பு முதலாளி உத்தரவு போட்டார். மற்றவர்கள் கொண்டுபோய்க் கொட்டினார்கள். இவர், தன்னிடம் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இப்போது டிராயரைத் திறந்தால் அந்தக் கையெழுத்து பல்லிளிக்கும். மாடியில் முதலாளியின் கண்ணாடி அறை. இருபத்தாறு வருடம் சேர்த்த பேர்.

திறக்க வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும். பழி வண்டி டயர் மீது போகும், அவள் வேலை போகும், சரக்கு மறுபடி கூரை வரை ஏறும்.

தட்டில் நான்கு.

சரோஜினி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

தமயந்தி பார்க்கவில்லை.

இவளைத் தோற்கவிட்டுவிட்டு நாளைக்கு இந்தப் பச்சைத் தரையில் எந்த மூஞ்சியோடு நடப்பது?

அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

பெட்டி கனத்தது. லைன் முழுக்கப் பார்க்க, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து தட்டின் பக்கத்தில் வைத்தார். உள்ளே எத்தனை என்று அவருக்கே நிச்சயமில்லை.

"ஒரு அறுவது இருக்கும் அம்மிணி."

"செரிங்ணா."

எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. சரோஜினி பெட்டிக்குள் கையைவிட்டு ஒன்றை எடுத்தாள்.

வண்டி மூன்று ஐம்பதுக்கு கேட்டைத் தாண்டி உள்ளே வந்தது. அதுவரை லைன் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பெட்டியின் அடியில் நான்கு பேரிங் கிடந்தன.

முதலாளியிடம் தானே போய்ச் சொல்லிவிடுவது என்று அவர் முடிவு செய்தார். அதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவள் மேசைக்குப் போனபோது அவள் சரக்கு இறக்கப் போயிருந்தாள். அவளுடைய நோட்டு விரிந்து கிடந்தது. பேரிங் கணக்குப் பக்கம். மேலே போட்டிருந்த தேதி, அவள் வேலைக்குச் சேர்ந்த மாதத்துத் தேதி.

போன வருடம் ஸ்டோர் கொடுத்தது இத்தனை. மோட்டாரில் ஏறியது இத்தனை. பழுது இத்தனை. கணக்கில் வராதது அறுபத்து நான்கு.

அதற்குக் கீழே, அழகான எழுத்தில்:

அவசரக் கையிருப்பு 64. தனியாக வாங்க வேண்டாம்.

இருக்கும் இடம்: ஃபோர்மேன் மேசை, கீழ் டிராயர்.

அவர் குனிந்து பார்த்தார்.

ஓரத்தில் பென்சிலில் இன்னொரு வரி இருந்தது.

கேட்க வேண்டாம். கொடுப்பார்.