ஒவ்வொரு ஜோடியும் இரண்டு முறை

ராஜினாமாக் கடிதத்தை நான்காக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் கதவைத் தட்டினாள். உள்ளே மீட்டர் அண்ணா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடத்தில் அளப்பதெல்லாம் அவர் பொறுப்பு என்பதால் அந்தப் பெயர்.

கம்ப்யூட்டருக்குள் கோடிக்கணக்கான துகள்களை ஜோடி சேர்த்து மோதவிட்டு, கொதிக்கும் பிளாஸ்மா வாயு எவ்வளவு வேகத்தில் ஆறும் என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டுவது அவள் வேலை. நிஜ பிளாஸ்மாவை அளந்து, அதே படத்தில் புள்ளி வைப்பது அவர் வேலை.

அவருடைய கருவி மாதக்கணக்கில் மக்கர் பண்ணும். போன வருடம் மட்டும், அவள் கோட்டை அனுப்பிய எட்டாம் நாளே புள்ளிகள் வந்துவிட்டன. நாற்பதும் கோட்டின் மேல் எறும்பு வரிசையாக உட்கார்ந்திருந்தன. படத்தை ஃப்ரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். அவளுக்கு வேலை நிரந்தரமானது.

"அண்ணா, மோசம் போயிட்டேன்."

"முதல்ல உட்காரும்மா. என்ன ஆச்சு?"

"ஒவ்வொரு ஜோடியையும் என் புரோகிராம் ரெண்டு தடவை மோத விட்டிருக்கு. இதை அதோட, மறுபடி அதை இதோட. இன்னைக்குக் காலைலதான் கண்ணுல பட்டுது."

"சரி, திருத்திடு."

"திருத்திட்டேன். உங்க புள்ளியெல்லாம் ஒரு பக்கம், என் கோடு ஒரு பக்கம் நிக்குது. தப்பான கணக்கு எப்படிண்ணா நிஜத்தோட அச்சு அசலா ஒத்துப்போச்சு? தலை வெடிக்குது."

மீட்டர் அண்ணா எடுத்த சுளையை வாயில் போடவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"டைரக்டர்கிட்ட சொல்லிட்டியா?"

"இனிமேதான். பழி என்னோட போகட்டும்ண்ணா. உங்க அளவு மேல ஒரு தூசு படக்கூடாது."

மடித்த கடிதத்தை மேசையில் வைத்தாள். அவர் அதைப் பிரித்து நிதானமாகப் படித்தார். கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். கீழே இருந்த அவள் பெயரை அடித்துவிட்டு, பக்கத்தில் தன் பெயரை எழுதினார்.

"ஐயோ, என்னண்ணா பண்றீங்க? நீங்க எதுக்கு?"

"உன் கோட்டைப் பார்த்துத்தான்மா நான் புள்ளியே வச்சேன்."