அப்பா வீட்டில் மூன்றரைக் கிலோ

நர்ஸ் இரண்டு படிவங்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏம்மா, ரெண்டு பேரும் ஒரே பிள்ளையப் பத்தித்தானே எழுதியிருக்கீங்க?"

ஒன்று பிள்ளையின் அம்மா எழுதியது. சுபாவம்: சாது, எதற்கும் அடம் பிடிக்க மாட்டாள். பசி: குறைவு, நாலு வாயில் போதும் என்பாள்.

மற்றது அவளைப் பிரிந்து போன கணவன் எழுதியது. சுபாவம்: வாயாடி, பிடிவாதக்காரி. பசி: கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள்.

விடுமுறை முழுக்க அப்பா வீட்டில் இருந்துவிட்டு முந்தாநாள்தான் மகள் திரும்பியிருந்தாள். எட்டு வயது. போகும்போது பதினெட்டு கிலோ. இன்று எடை மெஷின் இருபத்தொன்றரை காட்டியது.

மகளுடைய கவுனின் இடுப்புத் தையலை அம்மா காலையில்தான் பிரித்துத் தளர்த்தினாள். தையல்காரி அவள். ஊரார் அளவெல்லாம் மனப்பாடம்.

பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று கோர்ட்டு இந்த டாக்டரிடம் அறிக்கை கேட்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் உள்ளே கூப்பிடுவார்கள்.

"அவர் சும்மா ஏத்தி எழுதியிருக்காரு சிஸ்டர். இவ என்னை மாதிரி. கோழி கொத்துற மாதிரிதான் சாப்பிடுவா."

"பேப்பர்ல ஏத்தலாம்மா. மெஷின்ல ஏத்த முடியுமா?"

நர்ஸ் மகளிடம் குனிந்தாள். "நீயே சொல்லு கண்ணு. அங்க மட்டும் எப்படி அவ்வளவு பசிச்சுது?"

மகள் மெஷின் மேலேயே நின்றாள். கீழே கிடந்த செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அங்க எல்லாரும் உக்காந்து சாப்பிடுவாங்க."

நர்ஸ் இதில் என்ன இருக்கிறது என்பதுபோல் பார்த்தாள்.

அம்மாவுக்குப் புரிந்தது.

இரண்டு வருடமாக இவள் வீட்டில் ஒரு தட்டுதான். 'நான் கடையிலயே சாப்பிட்டுட்டேன்' என்று சொல்லிப் பிள்ளைக்கு வைப்பாள். பிள்ளை நாலு வாய் தின்றுவிட்டுத் தட்டை இவள் பக்கம் நகர்த்தும். எச்சில் சோற்றை வீணாக்குவானேன் என்று இவள் வழித்துத் தின்பாள். ஒரு நாளும் ஒரு பருக்கை மிஞ்சியதில்லை.

உள்ளிருந்து மணி அடித்தது.

அவள் முழங்காலிட்டு மகளுக்குச் செருப்பை மாட்டிவிட்டாள். வார் கைக்கு அகப்படவே இல்லை.

"கண்ணு, டாக்டர் கேட்டா அப்பா வீட்லயே இருக்கேன்னு சொல்லணும், என்ன?"

மகள் அடம் பிடிக்கவில்லை. தலையை ஆட்டினாள். கதவுவரை போனவள், நர்ஸின் கையை உதறிவிட்டுத் திரும்பி ஓடி வந்தாள். அம்மாவின் காதில் வாயை வைத்துக் கேட்டாள்.

"அப்ப உனக்கு யாரும்மா மிச்சம் வைப்பாங்க?"