டிவிக்காரியின் கை

தட்டு சுவரில் மோதிச் சிதறியது. குழம்பு அவள் மேலெல்லாம் தெறித்தது.

"இத மனுஷன் வாயில வைக்க முடியுமா? அந்த டிவிக்காரியப் பாரு! வெங்காயம் நறுக்குற வேகம் என்ன, எலும்ப ஒரே போடா போடுற லாவகம் என்ன! கைன்னா அது கை. உனக்கும் இருக்கே!"

டிவியில் அந்தச் சமையல் நிகழ்ச்சி வந்த நாளிலிருந்து பெண்டாட்டி வைத்த சோறு அவன் தொண்டையில் இறங்குவதே இல்லை.

"வேலைக்குப் போயிட்டு வந்து அவசரத்துல வச்சதுங்க..."

"பெரிய வேலை! எங்கயோ பாத்திரம் கழுவப் போறவளுக்கு இவ்வளவு வாயா?"

"அது இல்லீங்க. அந்தக் கை வந்து..."

"எதிர்த்தா பேசுற?"

அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த கரண்டியை எடுத்து அவள் வலது புறங்கையில் வைத்து அழுத்தினான். அவள் கத்தவில்லை; பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை, அவள் வேலையிலிருந்து திரும்பும் முன்பே காலை நீட்டிக்கொண்டு டிவியைப் போட்டான். நேரடி ஒளிபரப்பு. டிவிக்காரி சிரித்தபடி கையசைத்தாள். ஒரு கீறல்கூட இல்லாத வழவழப்பான கை.

"அடடா!" என்று உருகினான்.

வழக்கம்போல் அவள் முகம் மறைந்து, வெட்டும் பலகை திரையை நிறைத்தது. இரண்டு கைகள் மட்டும் வந்து கத்தியை எடுத்தன.

வலது புறங்கையில், கரண்டி அளவுக்குக் கொப்புளம்.

கத்தி உயர்ந்தது. எலும்பு ஒரே போடில் இரண்டானது.

அவன் விழுந்தடித்து ஓடி வாசல் கதவைப் பூட்டினான். பிறகுதான் நினைவு வந்தது, இன்னொரு சாவி அவளிடம் இருக்கிறது.