தையல்காரம்மாவின் ஜன்னல்

"உங்க ஜன்னலை மட்டும் நாங்க விட்டுக்கொடுக்கவே மாட்டோம்மா. கவலையை விடுங்க" என்றார் பல் டாக்டர், தைக்கக் கொடுத்திருந்த பேன்ட்டை வாங்கிப் பையில் வைத்தபடி.

அவர் தலை மறைந்ததும் தையல்காரம்மா கத்தரிக்கோலை மேஜைமேல் நங்கென்று வைத்தாள்.

"பாத்தீங்களா? குடியிருப்போர் சங்கத் தலைவருக்கு என் ஜன்னல்மேல பாசம் பொத்துக்கிட்டு வருது!"

பஸ் ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த கணவர் சிரித்தார்.

விஷயம் இதுதான். அந்தத் தெருவில் ஒரு மாடிக்குமேல் கட்டக் கூடாது என்பது நகரசபை விதி. அதைத் தளர்த்தி, தையல் கடைக்கு எதிரே உள்ள காலி மனையில் குறைந்த வாடகை வீடுகள் நாலு மாடிக்குக் கட்டலாமா என்று நகரசபை கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்கப் போகிறது. கட்டிடம் எழும்பினால் தையல்காரம்மாவின் ஜன்னலுக்கு வெளிச்சம் வராது. சங்கம் தெருமுனையில் பலகையே நட்டுவிட்டது: 'எங்கள் தையல்காரம்மாவின் வெளிச்சத்தைப் பறிக்காதே!'

"வசதி இல்லாதவங்க பக்கத்துல குடிவந்தா இவங்களுக்கு ஆகாது. அதை நேராச் சொல்ல வாய் வரல. என் ஜன்னலைத் தூக்கி முன்னால நிறுத்தறாங்க!"

"வெளிச்சம் போனா கஷ்டம் உனக்குத்தானே? கறுப்புத் துணியில கறுப்பு நூல் ஓட்ட இப்பவே தடுமாறுற."

"கஷ்டந்தான். ஆனா உங்க முதல் பஸ்ல வர்ற நர்ஸும் டீச்சரும் கண்ணாடியில தலை முட்டத் தூங்கிட்டு வர்றாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? எல்லாரும் நம்ம ஏரியாவுக்கு வேலைக்கு வர்றவங்க. இங்க வாடகை கட்ட முடியாமத்தான் அவ்வளவு தூரத்துல இருக்காங்க."

"ஆமா. அவங்களை எழுப்பி இறக்கிவிடறதே எனக்குத் தனி வேலை."

"அப்ப கூட்டத்துல நான் பேசத்தான் போறேன்."

"தெருவே உன் வாடிக்கை. யோசிச்சுக்கோ."

"வேற டைலரைத் தேடிக்கட்டும்!"

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் நிரம்பி வழிந்தது. பல் டாக்டர் மைக்கைப் பிடித்து ஜன்னலைப் பற்றி உருக்கமாகப் பேசிவிட்டு உட்கார்ந்தார். தையல்காரம்மா எழுந்தாள்.

"ஜன்னல் என்னோடது. வெளிச்சம் போகும், உண்மைதான். மெஷினை வாசப் பக்கம் இழுத்துப் போட்டுக்கறேன். கூட ரெண்டு லைட் மாட்டிக்கறேன். நம்ம பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்றவங்க, நமக்கு ஊசி போடறவங்க, நம்ம பக்கத்துலயே இருக்கட்டுமே! என் ஜன்னலைக் காட்டி யாரும் அவங்களுக்குக் கதவைச் சாத்தாதீங்க."

மைக் மேடைக்குத் திரும்பியது.

"விதியை மாத்தலாம்கிறவங்க கை தூக்குங்க" என்றார் நகரசபை அதிகாரி அம்மா.

தையல்காரம்மா விறைப்பாகக் கையைத் தூக்கினாள். கணவர் இரண்டு கையையும் தூக்கினார்.

"சார், ஆளுக்கு ஒரு கை போதும்."

சிரிப்பு அடங்குவதற்குள் பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசை வரிசையாக. பாதிக்குமேல் அவளே தைத்துக் கொடுத்த சட்டைக் கைகள். முன்வரிசையில் பல் டாக்டரின் கையும்!

"வேண்டாம்கிறவங்க?"

ஒருவரும் அசையவில்லை.

வெளியே வந்ததும் தையல்காரம்மா டாக்டரை மடக்கினாள். குரலில் பெருமை தாங்கவில்லை.

"என்ன டாக்டர், நான் நாலு வார்த்தை பேசினதும் எல்லாருக்கும் மனசு மாறிடுச்சா?"

டாக்டர் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார்.

"மனசெல்லாம் மாறலைம்மா. அந்த வீடுங்க வர்றதுல ஆரம்பத்துலேர்ந்தே எல்லாருக்கும் சம்மதம்தான். என் கிளினிக் நர்ஸுக்கு அங்க ஒரு வீடு கிடைக்குமான்னு நானே விசாரிச்சேன்."

"அப்ப அந்தப் பலகை எதுக்கு? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா, உங்க குணத்துக்கு உடனே சரின்னுடுவீங்க. உங்க பொழைப்பை உங்க வாயாலயே விட்டுக்கொடுக்க வைக்கறதா? அதுக்கு அந்த வீடுங்களே வேண்டாம்னு சொல்லிடலாம்னு தெருவே சேர்ந்து முடிவு பண்ணினோம்மா."

தையல்காரம்மா கணவர் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா? இதுதாங்க நம்ம தெரு!" என்றாள்.