மூன்றாவது ஜன்னல்

“ஓட்டலுக்கு எதிர்ல வந்து நிக்கிறேங்க. எது உங்க ஜன்னல்?”

போனில் மனைவி அமலோற்பவத்தின் குரலைக் கேட்டதும் மிக்கேல்ராஜுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தப்பு அவருடையதுதான். மூன்று வருடம் கழித்து குவைத்திலிருந்து வந்து இறங்கியவரை, கொரோனா என்று சொல்லி, கையில் முத்திரை குத்தி, தஞ்சாவூரில் ஓர் ஓட்டலில் ஏழு நாள் தனிமையில் வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், “எதிர்த்தாப்புல வந்து ஒரு தரம் நில்லு அமலு, தூரத்துலயாவது பாத்துக்கிறேன்” என்று கெஞ்சியவர் அவரே.

அவருக்குக் கொடுத்த அறையிலும் ஒரு ஜன்னல் இருந்தது. திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவரும், அதில் ஒழுகும் ஒரு குழாயும் தெரியும். தெருப்பக்கம் அறை கேட்டதற்கு, கிடைத்ததில் இருங்கள் என்றுவிட்டார்கள்.

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து பாதி ஆளோடு ஓடும் பஸ்ஸைப் பிடித்து வந்தவளிடம், வந்தது வீண் என்று எப்படிச் சொல்வது?

“மூணாவது மாடி, இடது பக்கத்துலேர்ந்து மூணாவது ஜன்னல்,” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். “கை காட்டுறேன் பாரு.”

“ஆமா, தெரியுது. இளைச்சுப் போயிட்டீங்களே.”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் இங்கே குழாயைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் எந்தத் தடியனைப் பார்த்துக் கையசைக்கிறாளோ? முகக்கவசம் போட்டுவிட்டால் எல்லா ஆம்பளையும் ஒன்றுதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

“நான் தெரியிறேனா? என்ன பொடவைன்னு சொல்லுங்க பாப்போம்.”

வசமாக மாட்டிக்கொண்டார். மனசுக்குள் ஒரு சிலுவை போட்டுவிட்டு, “பச்சை,” என்றார். முதல் தடவை ஊருக்கு வந்தபோது அவர் வாங்கி வந்த புடவை அது. அவரை அனுப்பவும் அழைக்கவும் அவள் அதைத்தான் கட்டுவாள்.

“அதேதான்,” என்றாள். குரல் கம்மியிருந்தது. வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டார்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் வந்துவிடுவாள். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அவருக்குப் பொழுது விடிந்தது. மற்றபடி, யாரோ கதவைத் தட்டிவிட்டு ஓடுவார்கள். திறந்தால் சாப்பாட்டுப் பொட்டலம் இருக்கும். பெருக்கவோ போர்வை மாற்றவோ ஆள் வராது. மூக்கில் குச்சி விட வந்தவருக்குக் கண் மட்டும்தான் இருந்தது. முகம் பார்த்துப் பேசவும் வழியில்லை. டச் போன் கீழே விழுந்து உடைந்துவிட்டது என்று அமலோற்பவம் பழைய பட்டன் போனில் பேசினாள்.

“டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நெனப்பிருக்கா?” என்றாள் மூன்றாம் நாள்.

மறக்குமா? கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து முடிக்கிறவரை பெண்ணும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்ளக் கூடாது என்று அவள் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவள் மாடியில் டைப் அடிப்பாள். இவர் எதிரே சைக்கிள் கடையில், நிறைந்திருக்கும் டயருக்கே தினமும் காற்றடித்துக்கொண்டு நிற்பார்.

“அப்ப நான் கீழ, நீ மேல. மூணு வாரம் காஞ்சேன். இப்ப உன் முறை.”

“ஒரு நாள் டியூப் வெடிச்சு, எங்க டீச்சர் நாற்காலிய விட்டு எந்திரிச்சு ஓடுனாங்களே.”

சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போது போனில் ஆறு மணிக் கோயில் மணி கேட்டது. இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுச் செபம் சொன்னார்கள்.

“நம்ம ஊர் மணி மாதிரியே இருக்கு அமலு.”

“தஞ்சாவூர்ல கோயிலுக்கா பஞ்சம்?” என்றாள்.

நாள் ஆக ஆக அவருக்கு உறுத்தியது. தன்னைப் பார்க்கவே முடியாத ஒருத்தனுக்காக ஒருத்தி தினமும் பஸ் ஏறி வந்து கால்கடுக்க நிற்கிறாள். ஆறாம் நாள், “கால் வலிக்கும், நாளைக்கு வராதே,” என்றார்.

“நிக்கிறதுல என்ன கஷ்டம்? உங்களப் பாக்குறேன்ல,” என்றாள்.

அதற்கு மேல் தாங்கவில்லை. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அவளிடம் உண்மையைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடுவது என்று முடிவு செய்தார்.

நோயில்லை என்று முடிவு வந்தது. கார் பாலம் ஏறியபோது காவிரியில் புதுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவர் அதைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. சொல்லவேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

வாசலில் நாற்காலி போட்டு அமலோற்பவம் உட்கார்ந்திருந்தாள். பச்சைப் புடவைதான். அவள் எழுந்திருக்கவில்லை. வலது காலில் முழங்கால்வரை மாவுக்கட்டு.

“எப்ப ஆச்சு இது?”

“பத்து நாளாச்சுங்க. டிக்கெட் கெடச்சிருச்சுன்னு போன் பண்ணீங்கள்ல, எடுக்க ஓடியாந்தேன், வழுக்கிருச்சு. நானும் விழுந்தேன், போனும் விழுந்துச்சு. அடைஞ்சு கெடக்குற மனுசன்கிட்ட இதச் சொல்ல மனசு வரல.”

அடுக்கி வைத்திருந்ததெல்லாம் மிக்கேல்ராஜுக்கு மறந்துபோனது.

“அப்ப அந்த மூணாவது ஜன்னல்ல நீ யாரத்தான் பாத்த?”

“எதிர்த்தாப்புல பச்சப் பொடவையில ஒருத்தி தினம் வந்து நின்னாளே,” என்றாள் அமலோற்பவம், “அவளுக்குக் கை காட்டுனவரத்தாங்க.”