ஒரே ஒரு சீட்

“எங்கப்பா இறந்துட்டாரு. நான் ஒரே பிள்ளை. நான் போய்த்தான் கொள்ளி வைக்கணும்.”

தோஹா விமான நிலையத்தில், கேட்டில் நின்ற பெண்ணிடம் லிங்கேஷ் ஆங்கிலத்தில் கூசாமல் சொன்னான். அவன் அப்பா சங்கரலிங்கமோ சங்கரன்கோவிலில் குத்துக்கல்லாட்டம் இருந்தார். மறுநாள் சாயந்தரம் இவனுக்கு நிச்சயதார்த்தம்.

சிகாகோவிலிருந்து பதினாலு மணி நேரம் நடு சீட்டில், முழங்கால் இடிக்க வந்தவன். விமானம் மாற நாற்பத்தைந்து நிமிடம் தாராளம் என்று டிக்கெட் போட்டதும் அவனேதான். முதல் விமானம் தாமதம். ஓடி வந்து பார்த்தால், அவன் ஏற வேண்டிய விமானம் போய்விட்டிருந்தது. அடுத்த திருவனந்தபுரம் விமானத்தில் பாக்கி இருந்தது ஒரே ஒரு சீட். அதுவும் அவனுக்கு முன்னால் நின்றவருக்குப் போட்டாகிவிட்டது.

அவர் திரும்பினார்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

தமிழ்! லிங்கேஷுக்குத் திக்கென்றது. “சங்கரன்கோவில்.”

“நமக்குப் புளியங்குடி. அப்பா பேரு என்ன? வீடு எங்கன?”

பதற்றத்தில் வாய் உண்மையைச் சொல்லித் தொலைத்தது. “சங்கரலிங்கம். கழுகுமலை ரோடு.”

அவர் ஒரு நிமிடம் கண்ணை மூடினார். பிறகு தன் போர்டிங் பாஸை அந்தப் பெண்ணிடமே நீட்டினார்.

“என் சீட்டை இவருக்குக் குடுத்துருங்க. ஒத்தப் பிள்ளைலா... ஓடுங்க தம்பி, நான் அடுத்ததுல வாரேன்.”

லிங்கேஷ் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஊர்க்காரரையே ஏமாற்றிவிட்டோமே என்று கொஞ்சம் உறுத்தியது. சாப்பாட்டுத் தட்டு வந்ததும் அதுவும் போய்விட்டது.

மறுநாள் மத்தியானம், பெண் வீட்டுக்குக் கிளம்ப வாசலில் வேன் நின்றது. சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். ஒருவர் பைக்கில் வந்து, பெரிய ரோஜா மாலையோடு இறங்கினார்.

“சங்கரலிங்கம் அண்ணாச்சி வீடு இதானா?”

“நான்தான் சங்கரலிங்கம். வாங்க, வாங்க! எனக்கு எதுக்கு மாலையெல்லாம்?” அப்பா வாயெல்லாம் பல்லாகக் கழுத்தை நீட்டினார்.

வந்தவர் பேயறைந்த மாதிரி நின்றார்.

லிங்கேஷ் பாய்ந்து வந்து அவரைப் பைக் பக்கம் இழுத்துப் போனான்.

“யாரு நீங்க?”

“என் பேரு மகாராஜன். என் கூட்டாளி பாண்டியராஜன் தோஹாவுல இருந்து போன் பண்ணுனான். ‘பாவம், ஒரு பெரியவரு தவறிட்டாரு. என் சார்பா ஒரு மாலை போட்டுட்டு வா’ன்னான். இங்கன வந்து பாத்தா, பெரியவரே கழுத்த நீட்டுதாரு!”

“தப்புதான் அண்ணாச்சி. இன்னைக்கு எனக்கு நிச்சயதார்த்தம்... வேற வழி தெரியல. அவர நேர்ல பாத்து மன்னிப்புக் கேக்கணும். எப்ப வாராரு?”

“நாளைக்குத்தான் சீட்டு கெடச்சிருக்கு.”

மகாராஜன் மாலையைப் பைக்கில் மாட்டினார். அங்கே ஏற்கெனவே இன்னொரு ரோஜா மாலை தொங்கியது.

“அது யாருக்கு?” என்றான் லிங்கேஷ்.

“பாண்டியராஜன் அம்மாவுக்கு. நாளைக்குச் சனி, வச்சிருக்க மாட்டாங்க. இன்னைக்கு நாலு மணிக்கு எடுக்காங்க.”

லிங்கேஷ் வேனைப் பிடித்துக்கொண்டான். மகாராஜன் அவன் முகத்தைப் பார்க்காமலே பைக்கை உதைத்தார்.

“‘தாய்க்குக் கொள்ளி வைக்கது இளையவன்தானே, எனக்குத் தம்பி இருக்கான். அந்தப் பையனுக்கு யாரு இருக்கா’ன்னு சொன்னான். அம்மா முகத்தக் கடைசியா அவனுக்குப் போன்ல காட்டணும். நான் வாரேன்.”